மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து பெரூஜியாவுக்கு: இத்தாலியில் ஒரு மாதக் கோடை வகுப்புக்குப் போகிறவர்களுக்கு

இத்தாலியில் ஒரு மாதம் படிக்க வாய்ப்புக் கிடைத்தால் ரோம், வெனிஸ், மிலான், அப்படியே பாரிஸ் என்று ஓடித் திரியாதீர்கள். ஒரே ஊர், ஒரே அறை, காலையில் மொழி வகுப்பு, பின்னேரம் வேலை எதுவும் வைத்துக்கொள்ளாத நேரம் என்று அமைத்துக்கொள்ளுங்கள். பாண் கடைக்காரரோடும் வீட்டுக்கார அம்மாவோடும் கதைக்கும் அந்தப் பின்னேரங்களில்தான் மொழி நாக்கில் ஏறும்.

இதற்கு நாங்கள் முதலில் சொல்லும் ஊர் பெரூஜியா. நடு இத்தாலியில் உம்பிரியா மாநிலத்தின் மலைநகரம். 1921இல் வகுப்புகளாகத் தொடங்கிய, வெளிநாட்டு மாணவர்களுக்கென்றே உள்ள பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது; மாதக்கணக்கில் இத்தாலிய மொழி வகுப்புகள் நடத்துகிறது. சியெனாவிலும் அப்படி ஒன்று உண்டு. ஆனால் சியெனாவில் ஜூலை 2, ஆகஸ்ட் 16 ஆகிய நாட்களில் பாலியோ குதிரைப் பந்தயம் நடக்கும். பெரூஜியாவில் ஜூலையில் ஜாஸ் இசைவிழா. அந்த நாட்களை ஒட்டி அறை கிடைப்பது கஷ்டம், வாடகையும் ஏறும். வகுப்புக்குப் பணம் கட்டும் அன்றே அறையையும் உறுதி செய்யுங்கள்.

90 நாளுக்கு உட்பட்ட வகுப்பென்றால் குறுகிய கால ஷெங்கன் விசா (இத்தாலி, பிரான்ஸ், ஜெர்மனி முதலிய ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) போதும். கட்டணம் 90 யூரோ. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பயணத்துக்கு 15 நாள் முன்பு கடைசி எல்லை. அந்தக் கடைசி எல்லையை நம்பி இருக்க வேண்டாம். ஜூலை வகுப்புக்கு மார்ச் மாதமே விண்ணப்பத்தைப் போட்டுவிடுவது நல்லது. ஏப்ரலில் புத்தாண்டு, மேயில் வெசாக் என்று விடுமுறைகள் வரும். கடிதம் ஒன்று குறைந்தால் திருத்தி எடுக்க நாள் போதாது. கைரேகை கொடுக்கக் கொழும்புக்கு நேரில் போக வேண்டும். கல்முனையிலிருந்தோ அக்கரைப்பற்றிலிருந்தோ இரவு பஸ் ஏறுகிறவர்கள் நேர ஒதுக்கீட்டைக் காலை 10 மணிக்குப் பிறகு எடுங்கள். பஸ் சுணங்கினாலும் தவறாது.

கடவுச்சீட்டு நீங்கள் ஷெங்கன் நாடுகளை விட்டுப் புறப்படும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் செல்லுபடியாக வேண்டும். இரண்டு வெற்றுப் பக்கமும் தேவை. மருத்துவக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். வகுப்பு அனுமதிக் கடிதம், தங்குமிடச் சான்று, போய்வரும் டிக்கெட் பதிவு, வங்கிக் கூற்று ஆகியவற்றோடு, வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ உள்ள பல்கலைக்கழகத்தில் படிப்பவர் என்றால் நீங்கள் அங்கே மாணவர் என்பதற்கும் விடுமுறைக்கும் பல்கலைக்கழகத்தின் கடிதமும் வையுங்கள். திரும்பி வருவீர்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

இரண்டு இடத்தில் நம் பிள்ளைகள் வழுக்குகிறார்கள். ஒன்று, பணம். மாமா வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பெருந்தொகை விண்ணப்பத்துக்கு முதல் வாரம் கணக்கில் விழுந்தால் கேள்வி வரும். சில மாதம் முன்பே போடச் சொல்லுங்கள்; யார் அனுப்பினார், என்ன உறவு என்று அவருடைய கடிதமும் இருக்கட்டும். மற்றது, பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று, கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முன்னுக்கு. இத்தாலியக் கண்ணுக்கு இவை மூன்று ஆட்கள். மூன்றும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி முடித்து, தமிழ்ச் சான்றிதழ்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் எடுத்து வையுங்கள்.

தோஹா, துபாய் வழியாக நேரே ரோமில் இறங்கினால் எல்லைப் பதிவே போதும். பாரிஸ், ஃபிராங்க்ஃபர்ட் போன்ற ஷெங்கன் நகரம் வழியாகப் போனால், இத்தாலிக்குள் வந்த 8 நாளுக்குள் க்வெஸ்தூரா என்னும் பொலிஸ் அலுவலகத்தில் வருகையைத் தெரிவிக்க வேண்டும். ஹோட்டலில் தங்கினால் அவர்களே பதிவார்கள். வீட்டு அறையில் தங்குவோர் தாமாகப் போக வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

பெட்டியில் எருமைத் தயிர்ச் சட்டி வேண்டாம். பாலுணவும் இறைச்சியும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தடை. பச்சைக் கறிவேப்பிலைக்கும் மாம்பழத்துக்கும் தாவரச் சுகாதாரச் சான்று கேட்பார்கள், ஆகவே அவையும் வேண்டாம். மிளகாய்த்தூள், சரக்குத்தூள் கொண்டுபோகலாம். சொந்தச் சாப்பாட்டுக்கு மாசியும் கருவாடும் தடையில்லை. இரண்டு உறை போட்டு இறுக்கி ஒட்டுங்கள். தயிர் இல்லையே என்று கவலை வேண்டாம்: எருமைப்பாலில் செய்யும் மொத்சரெல்லா பாற்கட்டி அங்கே உண்டு, எருமைப்பாலில் வளர்ந்த நாக்கு அதை உடனே அடையாளம் காணும். உம்பிரியாப் பாணில் உப்பு இராது. பழுதென்று நினைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். அரிசி வாங்கும்போது ரிசோத்தோ அரிசியை விட்டு பாஸ்மதியோ புழுங்கலரிசியோ எடுங்கள், இல்லாவிட்டால் சோறு களியாகும்.

இத்தாலிய வீடுகளில் மின்சாரம் பெரும்பாலும் 3 கிலோவாட் எல்லைக்குள் இருக்கும். துணி துவைக்கும் இயந்திரமும் அவணும் தலைமுடி உலர்த்தியும் ஒன்றாக ஓடினால் வீடு முழுக்க இருளும். அது மின்வெட்டு அல்ல, மின்மானியின் ஆளி விழுந்திருக்கிறது. அந்தப் பெட்டி எங்கே என்று முதல் நாளே கேட்டு வையுங்கள்; பல கட்டடங்களில் கீழ்மாடியில் பூட்டிய அறைக்குள் இருக்கும். ஜூலை வெயிலுக்கு மின்விசிறி தேடுவதற்கு முதல் மரச் சன்னலடைப்பைக் காலை 9 மணிக்கே மூடுங்கள், இருட்டியபின் திறவுங்கள். காற்றுக்காகப் பகலில் திறந்துவைக்கும் நம் ஊர்ப் பழக்கம் அங்கே வெக்கையைத்தான் உள்ளே விடும்.

சமையலறையில் மோகா என்னும் எண்கோணக் கோப்பிப் பாத்திரம் இருக்கும். 1933இலிருந்து புழங்கும் சாமான். அடிப்பாத்திரத்தில் பக்கவாட்டு வால்வுக்குக் கீழே நிற்கும்படி தண்ணீர் ஊற்றுங்கள். வடியில் தூளை நிரப்பி விரலால் மட்டம் செய்யுங்கள், அமுக்காதீர்கள். அமுக்கினால் தண்ணீர் மேலே ஏற முடியாமல் அழுத்தம் கூடும். கைபிடியைப் பிடித்து முறுக்காமல் உடம்பைப் பிடித்து இறுக்கி, குறைந்த நெருப்பில், மூடியைத் திறந்து வையுங்கள். கருமையாக வரும் கோப்பி வெளிறி, கொறகொறவென்று சத்தம் கேட்டதும் இறக்குங்கள், தாமதித்தால் கசக்கும். ஊரிலிருந்து கொண்டுபோன மாவுபோன்ற கோப்பித்தூள் இதற்கு ஆகாது, துளையை அடைக்கும்.

மொழியில் நமக்கு ஒரு பலம், ஒரு பலவீனம். ‘நோனோ’ என்றால் ஒன்பதாவது, ‘நொன்னோ’ என்றால் தாத்தா. ஆங்கிலம் பேசுவோர் இந்த இரட்டிப்பில் தடுமாறுவார்கள். படு, பட்டு என்று பிறந்ததிலிருந்து பிரித்துப் பேசும் நமக்கு அது இயல்பு. பலவீனம் எழுத்தில் இருக்கிறது. உணவான பாஸ்தாவும், ‘போதும்’ என்று பொருள்படும் பாஸ்தாவும் தமிழில் ஒரே எழுத்து. முதலாவதன் ப ‘பல்’லில் வருவது, இரண்டாவதன் ப ‘பஸ்’ஸில் வருவது. அதனால் சொற்களைத் தமிழில் எழுதிப் பாடமாக்காதீர்கள். முதல் நாளிலிருந்தே அவர்கள் எழுத்தில் எழுதுங்கள். ஆசிரியரையும் கடைக்காரரையும் ‘லேய்’ என்று மரியாதையாக அழையுங்கள், கூடப் படிப்பவரை ‘தூ’.

‘பார்’ என்னும் கோப்பிக் கடையில் நின்றபடி கோப்பி குடித்தால் விலை குறைவு, உட்கார்ந்தால் கூடும் இடங்கள் நிறைய. உணவகப் பற்றுச்சீட்டில் ‘கொப்பேர்த்தோ’ என்று வருவது மேசைக் கட்டணம், ஏமாற்று அல்ல. பணம் எடுக்கும் இயந்திரம் ரூபாயிலா யூரோவிலா என்று கேட்டால் யூரோவை அழுத்துங்கள். ஆகஸ்ட் 15 நாடு முழுக்க விடுமுறை. அரிசி, முட்டை, பால் 14ஆம் தேதியே வாங்குங்கள். தேவாலயங்களுக்குள் போகத் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும்.

பலேர்மோவில் நம் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். அங்குள்ள தமிழ்ச் சைவர்களும் பெல்லெக்ரீனோ மலையேறிப் புனித ரொசாலியாவை வணங்குகிறார்கள். ஜூலை 14 இரவு அவரது திருவிழா. ஆடி அமாவாசைக்கு மாமாங்கேஸ்வரர் கோயிலில் நின்றவர்களுக்கு அந்தச் சனத்திரள் அந்நியமாகத் தெரியாது. ஆனால் பெரூஜியாவிலிருந்து தூரம். பலேர்மோப் பயணத்தை வகுப்பு முடிந்தபின் வைத்துக்கொள்ளுங்கள்; ஜூலை வகுப்பென்றால் திருவிழா கிடைக்காது.

வாரக் கடைசிக்குத் திராசிமேனோ ஏரி போதும். பரந்த, ஆழம் குறைந்த நீர்; வாவிக்கரைப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். பெரூஜியாவிலிருந்து பாஸின்யானோவுக்குப் பிராந்திய ரயில் ஏறுங்கள். கடதாசி டிக்கெட் என்றால் ஏறுமுன் மேடையிலுள்ள இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். கைப்பேசி டிக்கெட் என்றால் செக்-இன் அழுத்த வேண்டும். செய்யாவிட்டால் டிக்கெட் கையில் இருந்தும் தண்டம் விழும். பாஸின்யானோவிலிருந்து மஜ்ஜோரே தீவுக்குப் படகு உண்டு. திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று ஏறுமுன்னரே துறைப் பலகையில் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஜூனில் இரவு 9 மணி அளவிலும் வெளிச்சம் இருக்கும். வெளிச்சத்தை நம்பி உட்கார்ந்திருந்தால் படகு போய்விடும்.