எல்டிபி செஷன் அப், விபிஎன் டவுன்: லேபிள் கோளாறு தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எம்பிஎல்எஸ் நெட்வொர்க்கில் பாக்கெட்டுகள் லேபிளைப் பார்த்தே நகரும்; அந்த லேபிள்களை ரவுட்டர்கள் பரிமாறிக்கொள்ளும் நெறிமுறை எல்டிபி. விபிஎன் விழுந்ததும் எதிர்முனை பிஇ ரவுட்டரின் (வாடிக்கையாளர் இணையும் விளிம்பு ரவுட்டர்) லூப்பேக்குக்குப் (ரவுட்டருக்குள்ளேயே இருக்கும் மென்பொருள் இன்டர்பேஸ்) பிங் போட்டு, பதில் வந்தால் கோர் (நடு நெட்வொர்க்) சரி என்று முடிவுகட்டிவிட்டு, விபிஎன் வழிகளைப் பரிமாறும் பிஜிபியைக் கிளறுகிறார்கள். மிகுந்த நேரத்தைத் தின்னும் தவறு இதுதான். வழியில் லேபிள் அறுந்திருந்தாலும் ஐபி பாக்கெட் ரவுட்டிங் டேபிளைப் பிடித்துப் போய்ச் சேர்ந்துவிடும். விபிஎன் பாக்கெட்டுக்கு அந்த வசதி கிடையாது. எல்எஸ்பி (லேபிள் பாதை) பிங்கும் ட்ரேஸும் போட்டால்தான் எந்த ஹாப்பில் அறுந்தது என்று தெரியும்.

சிஸ்கோ ஐஓஎஸ்ஸின் பார்வர்டிங் டேபிளில் 'பாப் லேபிள்', 'நோ லேபிள்' இரண்டையும் ஒன்றாக எண்ணாதீர்கள். பாப் என்றால் மேல் லேபிளைக் கழற்றுவது; கடைசிக்கு முந்தைய ரவுட்டரில் அது வருவது இயல்பு. நோ லேபிள் என்றால் அடுத்த ஹாப்பிடமிருந்து அந்த முகவரிக்கு லேபிளே வரவில்லை. அடியில் விபிஎன் லேபிள் இருக்கும் பாக்கெட் அங்கேயே விழும்.

ஒரு எடுத்துக்காட்டு. ஆர்3-இன் லூப்பேக் 10.0.0.3/24. ஓஎஸ்பிஎஃப் (நெட்வொர்க்குக்குள் வழிகளைப் பரப்பும் ஐஜிபி வகை நெறிமுறை) இயல்பாக அதை /32 என்றே விளம்பரப்படுத்தும். ஆர்3-இன் சொந்த டேபிளில் இருப்பதோ 10.0.0.0/24, லேபிளும் அதற்குத்தான் தருகிறது. பக்கத்து ரவுட்டர் ஆர்2 தேடுவது 10.0.0.3/32-க்கான லேபிளை, அது வராது. எல்டிபி செஷன் மட்டும் கம்பீரமாக அப் காட்டும். லூப்பேக் மாஸ்க்கை /32 ஆக்குங்கள். பிஇ லூப்பேக்குகளைச் சம்மரைஸ் செய்தாலும் (ஒரே பெரிய முகவரித் தொகுதியாகச் சுருக்கினாலும்) இதே கதிதான்.

செஷனே எழவில்லையா? அண்டை ரவுட்டரைக் கண்டறியும் (டிஸ்கவரி) எல்டிபி ஹலோ வருவதை மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள். ஹலோ 224.0.0.2-க்கு யுடிபி 646-இல் போகிறது. செஷன் டிரான்ஸ்போர்ட் முகவரிகளுக்கிடையே டிசிபி 646-இல் எழுகிறது. ஆக்சஸ் லிஸ்ட்டில் யுடிபியை மட்டும் திறந்தால் டிஸ்கவரி தெரியும், செஷன் வராது. டிஸ்கவரி வெளியீட்டில் 'நோ ரூட்' என்றிருந்தால் எதிர் ரவுட்டரின் ஐடிக்கு ஐஜிபியில் வழியில்லை. இரண்டும் சரியென்றால் எம்டி5 கடவுச்சொல்லை ஒப்பிடுங்கள்.

காரணம் தெரியுமுன் செஷனை க்ளியர் செய்யவே வேண்டாம். நன்றாக ஓடிய மற்ற விபிஎன்களும் அறுபடும், தடயமும் போய்விடும். ரவுட்டர் ஐடியை 'ஃபோர்ஸ்' போட்டு மாற்றினாலும் செஷன்கள் விழுந்து எழும். பராமரிப்பு நேரத்துக்கு ஒதுக்குங்கள்.

சின்ன பிங் போய், பெரிய கோப்பு மட்டும் நின்றால் எம்டியூவைப் (இணைப்பு ஏற்கும் அதிகபட்ச பாக்கெட் அளவு) பாருங்கள். ஒவ்வொரு லேபிளும் 4 பைட். 1500 பைட் பாக்கெட் இரண்டு லேபிளோடு 1508 ஆகிறது. டிஇ டன்னலும் (ட்ராஃபிக் இன்ஜினியரிங் பாதை) சேர்ந்தால் 1512. விஆர்எஃப்புக்குள்ளிருந்து (அந்த விபிஎன்னுக்கான தனி ரவுட்டிங் டேபிள்) டிஎஃப் பிட்டோடு (பாக்கெட்டைத் துண்டாக்காதே என்னும் குறி) 1500-இல் பிங் போட்டால் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும்.