வேலை கிடைச்ச பின்னாடியும் வேலையில்லாதோர் உதவித்தொகை ஏறிடுச்சா? பயப்படாம இப்படிச் செய்ங்க

மேலூர்ல நான் வச்சிருக்கது ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை, கூடவே டைப்பிங்கும் மனு எழுதிக் கொடுக்குறதும். இந்த விஷயத்தோட நெறைய பேரு வந்து நிக்கிறாங்க, எல்லார் மூஞ்சியிலயும் ஒரே பயந்தான், "அண்ணே, வேலைக்குப் போய் நாலு மாசமாச்சு, இன்னும் எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ் காசு ஏறிக்கிட்டே இருக்கு, என்னையப் புடிச்சிருவாய்ங்களா"ன்னு. போன வருசம் எங்க சித்தி மகளுக்கே இது நடந்துச்சு. அவ கூட அலைஞ்சு முடிச்சுக் கொடுத்தவன்ங்கிறதால தெரிஞ்சதை ஒண்ணு விடாம எழுதுறேன், இந்த ஆபீஸ் பக்கமே போகாத ஆளுக்கும் புரியணும்.

மொதல்ல இது என்ன காசுன்னு தெரிஞ்சுக்கோங்க

தமிழ்நாடு அரசு கொடுக்குற வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை. எம்ப்ளாய்மென்ட்ல பதிஞ்சு 5 வருசம் ஆகியும் வேலை கிடைக்காதவங்களுக்கு 3 வருசம் வரைக்கும் கொடுக்குறாங்க. பத்தாவது பெயில்னா மாசம் 200, பத்தாவது பாஸ்னா 300, பிளஸ் டூன்னா 400, டிகிரின்னா 600 ரூபா. மாசாமாசம் வராது, மூணு மாசத்துக்கு ஒருக்கா மொத்தமா அக்கவுண்ட்ல ஏறும், அப்ப டிகிரிக்காரங்களுக்கு ஒரு காலாண்டுக்கு 1,800. மாற்றுத்திறனாளிகளுக்குத் தொகை வேற, பத்தாவது வரைக்கும் 600, பிளஸ் டூக்கு 750, டிகிரிக்கு 1,000, அவங்களுக்கு 10 வருசம் வரைக்கும் வரும், பதிஞ்சு 1 வருசம் ஆனாலே போதும், வருமான வரம்பும் வயசு வரம்பும் கிடையாது. மத்தவங்களுக்குக் குடும்ப வருமானம் வருசம் 72,000 ரூபாய்க்குள்ள இருக்கணும், வயசு 40க்குள்ள, எஸ்சி எஸ்டின்னா 45க்குள்ள.

மில்லுல, கம்பெனில வேலை போனவங்களுக்கு ஈஎஸ்ஐ கொடுக்குற காசு இது இல்ல. அது அடல் திட்டம்னு தனி, சம்பளத்துல பாதி 90 நாள் வரைக்கும், அதுல ஏதும் கூடுதலா வந்திருந்தா ஈஎஸ்ஐ கிளை ஆபீசுக்குத்தான் போகணும்.

வந்தது நெஜமாவே கூடுதல் காசுதானான்னு பாருங்க

இதை நிதானமா செய்ங்க, ஏன்னா பாதிப் பேரு இங்கதான் தடுமாறுறாங்க. பாஸ்புக்க எடுத்துட்டுப் போயி என்ட்ரி போடுங்க. எஸ்எம்எஸ்ஸ நம்பி உக்காராதீங்க, பாஸ்புக்ல தேதியோட இருக்குறதுதான் உங்க கையில இருக்குற ஆதாரம். ஒரு பேப்பர்ல மூணு தேதிய எழுதிக்கோங்க: நீங்க வேலையில சேந்த தேதி, காசு ஏறின தேதி, அந்தக் காசு எந்த மூணு மாசத்துக்கானதுன்னு. இந்த மூணாவதுதான் முக்கியம். காசு பெரும்பாலும் பிந்தித்தான் ஏறும், அதனால அக்டோபர்ல ஏறினது ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பருக்கானதா இருக்கலாம், ஜூலைல நீங்க வேலையில்லாம இருந்திருந்தா அந்த மாசத்துக் காசு உங்க காசு, அதத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்ல.

ஒரு தம்பி வெள்ளலூர்லருந்து வந்தான், 1,800 வர்ற எடத்துல 3,600 வந்திருச்சு, டபுளா போட்டுட்டாங்கன்னு கையக் காலப் பெசஞ்சுக்கிட்டு நின்னான். பாஸ்புக்க பொரட்டிப் பாத்தா அதுக்கு முந்தின காலாண்டுக்கு ஒண்ணுமே ஏறல, ரெண்டு தவணையும் சேந்து வந்திருக்கு, அவ்ளோதான். வேலையும் இல்ல அவனுக்கு, அது முழுக்க அவனுக்குச் சேர வேண்டிய காசு. அதனால கணக்குப் பாக்காம ஆபீசுக்கு ஓடாதீங்க.

இப்ப எங்க தங்கச்சி கதை. மீனாட்சி காலேஜ்ல பி.காம் முடிச்சவ, மாசம் 600. விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில பில் போடுற வேலை, ஆகஸ்ட் 16ஆம் தேதி சேந்தா. சேந்த சந்தோசத்துல ஆபீசுக்குச் சொல்லணும்ங்கிறதே வீட்ல ஒருத்தருக்கும் தோணல, எனக்குந்தான் தோணல. ஜூலை முதல் செப்டம்பர் வரைக்கும் 1,800, அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கும் 1,800, ஆக 3,600 ஏறிடுச்சு. இதுல ஜூலை 600 அவளுது. செப்டம்பர் 600ம் கடைசி மூணு மாசத்து 1,800ம் சேந்து 2,400 கண்டிப்பா கூடுதல். ஆகஸ்ட் மாசம் பாதி வேலையில்லாம பாதி வேலையோட, அந்த 600ஐ எப்படி எடுத்துக்கணும்னு நாமளா முடிவு பண்ணாம ஆபீஸ்லயே கேட்டுட்டோம். நீங்களும் சந்தேகமான மாசத்த தனியா வட்டம் போட்டு வச்சுக்கிட்டுப் போங்க.

வேலை கிடைச்சது மட்டுந்தான் காரணம்னு இல்ல. நேரடியா காலேஜ்ல சேந்து முழுநேரமா படிக்க ஆரம்பிச்சாலும் தகுதி போயிரும், தபால் வழில படிச்சா போகாது. சொந்தமா கடை கண்ணி வச்சுட்டாலும், குடும்ப வருமானம் அந்த 72,000ஐத் தாண்டினாலும், வயசு வரம்பக் கடந்தாலும் அதேதான்.

அந்தக் காசத் தொடாதீங்க

தெரிஞ்ச அன்னைக்கே அந்தத் தொகைய அக்கவுண்ட்ல அப்படியே விட்டுருங்க, வட்டிக்காரருக்கோ சீட்டுக்கோ எடுத்துறாதீங்க. தப்பா வந்து சேந்த காச வாங்கினவரு திருப்பித் தரணும்னு 1872ஆம் வருசத்து ஒப்பந்தச் சட்டம் 72ஆவது பிரிவே சொல்லுது, செலவாயிடுச்சுங்கிறதால கடமை போயிராது. ஏற்கனவே செலவு பண்ணிட்டீங்கன்னா அதுக்கும் வழி இருக்கு, கீழ சொல்றேன்.

லெட்டர் வர்றதுக்கு முன்னாடி நீங்களே போங்க

நான் சொல்ல வந்ததுல இதுதான் பெருசு. வருசா வருசம் சுய உறுதிமொழி ஆவணம்னு ஒண்ணு கொடுக்குறீங்கல்ல, நான் வேலையில இல்லன்னு கையெழுத்துப் போட்டு, அதுதான் இங்க சிக்கல். வேலையில இருந்துக்கிட்டே அதுல கையெழுத்துப் போட்டா அது பொய் வாக்குமூலம், காசு 600ஆ 6,000ஆங்கிற கேள்வியே இல்ல. மறதியில சொல்லாம விட்டவரு தானா வந்து சொல்றது வேற, அவங்க கண்டுபுடிச்சுக் கூப்புட்டு விட்டு நீங்க போயி நிக்கிறது வேற. முதல் ஆளுக்குப் பேசுறதுக்கு வாய் இருக்கும்.

மதுரை மாவட்டத்துக்காரங்களுக்கு ஆபீஸ் கோ.புதூர்ல இருக்கு, அழகர்கோவில் ரோட்டுல தல்லாகுளம் தாண்டி மூன்றுமாவடிக்கு முன்னாடி. இப்ப அதோட முழுப்பேரு மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம், ஆனா பஸ்ல எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்னு கேட்டாத்தான் எறக்கி விடுவாங்க. மேலூர்க்காரங்க மாட்டுத்தாவணில எறங்கிப் போயிறலாம். காலையில போங்க. கையில என்னென்ன வேணும்னா, எம்ப்ளாய்மென்ட் பதிவு அட்டை, ஆதார், பேங்க் பாஸ்புக்ல முதல் பக்கமும் காசு ஏறின பக்கமும், அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், எல்லாத்துலயும் ஒரிஜினலும் ரெண்டு செட் ஜெராக்ஸும். கடையில ஆர்டர்னு ஒண்ணும் தர மாட்டாங்கன்னா முதலாளிகிட்ட இன்ன தேதியிலருந்து வேலை பாக்குறாங்கன்னு ஒரு சீட்டு எழுதி கடை சீலோட வாங்கிக்கோங்க. தங்கச்சிக்கு அப்படித்தான் வாங்கினோம்.

வாயால சொல்லிட்டு வராதீங்க, எழுதிக் கொடுங்க

கவுன்டர்ல சொன்னேன், சரிம்மா பாத்துக்கிறோம்னாங்கன்னு வந்து சொல்றாங்க, நாளைக்கு அங்க வேற ஆள் உக்காந்திருந்தா நீங்க சொன்னதுக்கு என்ன அத்தாட்சி? ரெண்டு பிரதி எழுதி ஒண்ணக் கொடுத்துட்டு இன்னொண்ணுல தேதியோட சீல் வாங்குங்க. நான் டைப் பண்ணிக் கொடுக்குற மாதிரி இது, உங்க விவரத்தப் போட்டு அப்படியே எழுதிக்கலாம்:

அனுப்புநர்: பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், முகவரி, கைபேசி எண்.

பெறுநர்: வேலைவாய்ப்பு அலுவலர் அவர்கள், மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம், கோ.புதூர், மதுரை.

பொருள்: வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை – பணியில் சேர்ந்த விவரம் தெரிவித்தல் – கூடுதலாக வரவு வைக்கப்பட்ட தொகையைத் திரும்பச் செலுத்த அனுமதி கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மா, வணக்கம். நான் மேற்கண்ட உதவித்தொகையைப் பெற்று வருகிறேன். எனது பதிவு எண் ........ நான் ........ தேதி முதல் தனியார் நிறுவனத்தில் பணிபுரிந்து வருகிறேன். இவ்விவரத்தை உரிய நேரத்தில் தெரிவிக்கத் தவறிவிட்டேன். இதனால் ........ மாதங்களுக்கு ரூ. ........ எனது வங்கிக் கணக்கில் கூடுதலாக வரவாகியுள்ளது. இனி உதவித்தொகையை நிறுத்தவும், நான் செலுத்த வேண்டிய சரியான தொகையையும் செலுத்தும் முறையையும் எழுத்து மூலம் தெரிவிக்கவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். வேலைவாய்ப்புப் பதிவைத் தொடர்ந்து நடப்பில் வைத்திருக்கவும் வேண்டுகிறேன்.

கீழ கையெழுத்து, தேதி, இணைப்புகள். அவ்வளவு போதும், குடும்பக் கஷ்டம் எல்லாம் இதுல வேண்டாம். நேர்ல போக முடியாதவங்க ஸ்பீடு போஸ்ட்ல அனுப்பி ரசீதப் பத்திரமா வைங்க, பழைய பதிவுத் தபாலை 2025லயே ஸ்பீடு போஸ்ட்டோட சேத்துட்டாங்க.

மனுவுல பதிவை நடப்பில் வைக்கச் சொல்ற அந்தக் கடைசி வரி ஏன்னு கேப்பீங்க. உதவித்தொகை வாங்குறதால பதிவு ரத்தாகாது, அது வேற இது வேற. ஆனா நெறைய பேரு கோவத்துல "எல்லாத்தையும் கேன்சல் பண்ணிருங்க"ன்னு எழுதிக் கொடுத்துட்டு வந்துர்றாங்க, அப்புறம் இத்தன வருச சீனியாரிட்டி போச்சேன்னு அழுவுறாங்க. அப்படிச் செஞ்சுறாதீங்க. 3 வருசத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கிறதையும் விட்டுறாதீங்க.

காசக் கட்டுறது எப்படி

யார் கையிலயும் ரொக்கமா கொடுக்காதீங்க, தெரிஞ்சவராவே இருந்தாலும். எவ்வளவு, எந்தக் கணக்குத் தலைப்புல, சலானா டிராப்டா, எந்த பேங்க்லன்னு அவங்க எழுதித் தரட்டும், அதன்படி கட்டி ரசீதோட ஒரு காப்பிய ஆபீஸ்ல கொடுத்து அதுக்கும் சீல் வாங்குங்க. செலவு பண்ணிட்டவங்க மறைக்காம அதே மனுவுல, இத்தன மாசத் தவணைல மாசம் இவ்வளவு கட்டுறேன்னு தொகையப் போட்டுக் கேளுங்க. ஒத்துக்கிறதும் ஒத்துக்காததும் அவங்க முடிவு, கேக்குறதுல தப்பே இல்ல. மாசம் 9,500 சம்பளம் வாங்குற புள்ள ஒரே மூச்சுல கட்ட முடியலன்னா அது வெக்கப்படுற விஷயமும் இல்ல.

இங்க ஒரு எச்சரிக்கை. "உங்களுக்கு அரசு உதவித்தொகை கூடுதலா வந்திருக்கு, உடனே இந்த நம்பருக்கு அனுப்புங்க, இல்லன்னா போலீஸ் கேஸ்"னு போன் வந்தா கட் பண்ணிருங்க. யூபிஐ லிங்க், ஓடிபி, கியூஆர் கோடு எதுவும் வேண்டாம். ஏமாந்துட்டீங்கன்னா ஒரு நிமிசங்கூட தாமதிக்காம சைபர் கிரைம் நம்பர் 1930க்கு அடிங்க, சீக்கிரம் சொன்னாத்தான் காசு போற அக்கவுண்ட நிறுத்த முடியும்.

நோட்டீஸ் வந்துருச்சு, ஆனா கணக்கு தப்புன்னா

பயந்து கையெழுத்துப் போட்டுக் கட்டிறாதீங்க, கோவப்பட்டுக் கிழிச்சும் போட்டுறாதீங்க. நோட்டீஸ்ல எத்தன நாளுக்குள்ள பதில் சொல்லணும்னு போட்டிருக்கோ அதுக்குள்ள, எந்த மாசம் தப்பு, ஏன் தப்புன்னு பாஸ்புக் காப்பியோட எழுதிக் கொடுங்க. உங்க பைல்ல என்ன இருக்குன்னு தெரியணும்னா தகவல் உரிமைச் சட்டத்துல 10 ரூபா கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டிக் கேளுங்க, 30 நாள்ல பதில் தரணும். அப்பயும் சரியாகலன்னா திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள் இருக்கு, முதல்வர் உதவி மைய நம்பர் 1100க்கும் போன் பண்ணலாம். பெண்கள், எஸ்சி எஸ்டி, மாற்றுத்திறனாளிகள் இவங்களுக்கெல்லாம் இலவச சட்ட உதவி உண்டு, நம்பர் 15100.

வாட்ஸ்அப்ல ஒண்ணு சுத்துது, கூடுதலா கொடுத்த காச அரசு திருப்பிக் கேக்கக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சுன்னு. அது 2014 டிசம்பர்ல ரபீக் மசிஹ் வழக்குல வந்த தீர்ப்பு, கீழ்நிலை அரசு ஊழியருக்கும் ரிட்டயர் ஆனவங்களுக்கும் சம்பளத்துல கூடுதலா போன காச பத்தினது. அதக் கொண்டு போயி உதவித்தொகை கவுன்டர்ல நீட்டினா நிக்காது, அத நம்பி காசச் செலவு பண்ணிறாதீங்க.

அதுக்கப்புறம்

சீல் போட்ட மனு, சலான் ரசீது, பாஸ்புக் ஜெராக்ஸ் மூணையும் ஒரு கவர்ல போட்டு சர்ட்டிபிகேட் வைக்கிற பையிலயே வைங்க. அடுத்த காலாண்டு முடிஞ்சதும் மறுபடி பாஸ்புக் என்ட்ரி போட்டுப் பாருங்க. நிறுத்தச் சொல்லியும் மறுபடி ஏறியிருந்தா பழைய மனுவோட காப்பிய இணைச்சு ரெண்டு வரில இன்னொரு மனு கொடுத்துருங்க. தங்கச்சிக்கு ஏறல. ஆகஸ்ட் மாசத்துக்கும் கட்டச் சொல்லிட்டாங்க, மொத்தம் 3,000, ஆயிரம் ஆயிரமா மூணு சம்பளத்துல கட்டி முடிச்சா, மூணாவது ரசீத எங்கிட்ட காட்டத்தான் கடைக்கு வந்தா, அதுலயும் ரெண்டு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்து அனுப்பினேன்.