குறி சரி, குண்டு மட்டும் படல: எஃப்பிஎஸ்-ஆர்பிஜி பண்றவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

புரோட்டோடைப் அனுப்பி "விளையாடிப் பாத்து சொல்லுங்கண்ணா"ன்னு கேக்குற தம்பிங்க, தங்கச்சிங்க இப்ப ஜாஸ்தியாயிட்டாங்க. எல்லாமே கிட்டத்தட்ட ஒரே டைப்தான், ஃபர்ஸ்ட் பெர்சன் ஷூட்டர் (எஃப்பிஎஸ், கேரக்டரோட கண்ணு வழியா பாத்து சுடறது), அதுக்குள்ள ஆர்பிஜி (ஒரு கேரக்டரை வளத்து ஆடுற ரோல்-பிளேயிங் கேம்) சமாச்சாரம், அதாவது ஸ்கில், இன்வென்டரி, நாலு கேரக்டரோட பேச்சு. ஆசை நல்ல ஆசை, நானே அந்த ஆசையிலதான் இந்த வேலைக்கு வந்தேன். ஆனா ஒவ்வொண்ணா ஓப்பன் பண்ணா 90கள்லயே அடிபட்டு திருத்தி முடிச்ச அதே சொதப்பல்கள் (அதுல பாதி நானும் பண்ணதுதான்) வரிசை கட்டி நிக்குது. ஃப்ரேம் ரேட் பாருங்க, சேவ் டெஸ்ட் பண்ணுங்க, டுட்டோரியல்ல கதை எழுதாதீங்க, இதெல்லாம் நான் சொல்லித்தான் தெரியணும்னு இல்ல, அதை விட்டுடறேன்.

டூம் மேல ஸ்டாட்ஸை ஒட்டினா ஆர்பிஜி ஆயிடும்னு நினைக்கிறது

மொதல்ல டூம் மாதிரி ஷூட்டர் வந்துச்சு, அப்புறம் யாரோ அதுல ஸ்டாட்ஸ், அதாவது கேரக்டரோட திறமையை அளக்குற நம்பர் சேத்து ஆர்பிஜி ஆக்குனாங்கன்னு ஒரு கதை பல பேர் மண்டையில இருக்கு. தேதியை பாருங்க. ஃபர்ஸ்ட் பெர்சன் ஆர்பிஜியான அல்டிமா அண்டர்வேர்ல்ட் வந்தது 1992 மார்ச். ஷூட்டரான வுல்ஃபன்ஸ்டைன் 3டி வந்தது அதே வருஷம் மே. வுல்ஃபன்ஸ்டைன்ல தரை ஒரே மட்டம், சுவர் எல்லாம் ஒரே உயரம், மேல கீழ பாக்க முடியாது. அண்டர்வேர்ல்ட்ல சரிவு இருக்கு, பாலம் இருக்கு, குதிக்கலாம், நீந்தலாம், தலையை தூக்கி கூரையை பாக்கலாம். அதுக்கு அவங்க குடுத்த விலை, 3டி காட்சி ஸ்கிரீன்ல ஒரு சின்ன ஜன்னலுக்குள்ள அடங்கிடும், வேகமும் கம்மி. வுல்ஃபன்ஸ்டைன் அந்த பேரத்தை தலைகீழா போட்டுச்சு, வேகம் வேணும், மத்ததெல்லாம் போகட்டும்னு.

அண்டர்வேர்ல்டை பண்ண அதே டீம், லுக்கிங் கிளாஸ்னு பேர் மாத்திக்கிட்டு 1994ல சிஸ்டம் ஷாக் பண்ணப்ப என்ன செஞ்சாங்கன்னு பாருங்க. எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) இல்ல. லெவல் அப் இல்ல. ஸ்ட்ரெங்த், டெக்ஸ்டெரிட்டின்னு ஒரு எழவும் இல்ல. உடம்புல மாட்டிக்கிற ஹார்ட்வேர், தோல்ல ஒட்டிக்கிற மருந்து பேட்ச், அவ்ளோதான். அப்பவும் விளையாடுறவனுக்கு ஆர்பிஜி மாதிரி இருந்துச்சு, ஏன்னா கதை நடக்குற சிட்டடெல் விண்வெளி ஸ்டேஷன் ஒரு உண்மையான இடம் மாதிரி நடந்துக்குச்சு, திரும்பி வந்தா நீங்க விட்டுட்டு போனது விட்ட எடத்துலயே கிடக்கும், ஒரே பிரச்சினையை ரெண்டு மூணு விதமா தீக்கலாம்.

எதிர்ப்பக்கம் 1996ல ஸ்ட்ரைஃப். டூம் எஞ்சின்லயே பண்ணது. ஏத்திக்க முடியுற ஸ்டாட் ரெண்டே ரெண்டு, குறி ஒண்ணு, உடம்பு வலு ஒண்ணு. மிச்சம் ஆர்பிஜித்தனம் எல்லாம் எங்க இருந்துச்சுன்னா ஊர்ல, பேச்சுல, காசுல, யாரை நம்புறோம்ங்கறதை வச்சு முடிவு மாறுறதுல. உங்க டிசைன் டாக்குமென்ட்ல ஸ்டாட் டேபிள் பெருசா இருந்து, லெவல் (விளையாடுற இடம்) பத்தின பக்கம் சின்னதா இருந்தா அங்கயே நிறுத்திட்டு யோசிங்க.

கிராஸ்ஹேர் நெத்தியில இருக்கு, குண்டு படல

என்னை இன்னமும் கடுப்பேத்துறது இதுதான், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

ஒரு தம்பியோட கேமை அவன் ஃப்ரெண்டு விளையாடுறான், நான் பக்கத்துல உக்காந்து பாக்கறேன். ஒரு காரிடார், கடைசியில ஒரு காவலாளி, அசையாம நிக்கிறான். கிராஸ்ஹேர் (ஸ்கிரீன் நடுவுல இருக்குற குறி) நெத்திக்கு நேரா. கிளிக், ஒண்ணும் ஆகல. கிளிக், கிளிக். காவலாளி திரும்பக்கூட இல்ல, பின்னாடி சுவத்துல குண்டு பட்ட தடம்கூட இல்ல. விளையாடுறவன் என்ன பண்ணான் தெரியுமா, மவுஸை தூக்கி அடியில தூசி இருக்கான்னு தொடச்சான், அப்புறம் செட்டிங்ஸ்க்கு போய் சென்சிட்டிவிட்டியை மாத்தினான், திரும்ப வந்து சுட்டான், அப்பவும் படல. நான் கேம் பண்ண தம்பியை பாத்தேன், அவன் ரொம்ப கூலா "பிஸ்டல் ஸ்கில் ஒண்ணுதானேண்ணா, ஹிட் சான்ஸ் 40 சதவீதம், ஆர்பிஜின்னா அப்டித்தானே"ன்னான்.

அப்டி இல்லப்பா. டேபிள்ல உக்காந்து ஆடுற ஆட்டத்துல பகடை எதுக்கு வந்துச்சு? அங்க வில்லை இழுக்குற கை இல்ல, கண் இல்ல, "நான் அவனை சுடறேன்"னு வாயால சொல்றோம், அந்த இல்லாத கைக்கு பதிலா பகடை பேசுது. ஃபர்ஸ்ட் பெர்சன்ல கை இருக்கு. கண்ணும் இருக்கு. விளையாடுறவன் தானே குறி பாத்து தானே அழுத்திட்டான், பட்டதும் படாததும் அவன் கண்ணு முன்னாடியே நடக்குது. அதுக்கு மேல நீங்க ஒளிஞ்சு நின்னு இன்னொரு தடவை பகடை உருட்டுனா, அவன் கண்ணு பாத்ததை நீங்க பொய்னு சொல்றீங்க. அவன் தன் கேரக்டர் மேல கோவப்பட மாட்டான், உங்க கேம் மேலதான் கோவப்படுவான். 2002ல மாரோவிண்ட்ல வாள் எதிரி உடம்பு வழியா போய் வெறும் சத்தம் மட்டும் வந்துச்சே, அவ்ளோ நேசிக்கப்பட்ட கேம், இன்னிக்கும் அதை பத்தி பேச ஆரம்பிச்சா மொத புகார் அதுதான்.

அண்டர்வேர்ல்ட்லயும் பகடை இருந்துச்சே அண்ணான்னு ஒரு கேள்வி வரும். இருந்துச்சு. ஆனா அங்க மவுஸை அழுத்திப் பிடிச்சாத்தான் வீச்சுக்கு வலு ஏறும், கர்சர் ஜன்னல்ல மேலயா நடுவுலயா கீழயாங்கறதை வச்சு வெட்டா குத்தான்னு மாறும், அதனால கை செய்ற வேலைக்கு ஒரு மரியாதை இருந்துச்சு. துப்பாக்கிக்கு அந்த சால்ஜாப்பு செல்லாது.

இதுக்கு நல்ல விடை 2000லயே வந்தாச்சு. அயன் ஸ்டார்மோட ஆஸ்டின் ஸ்டூடியோவுல வாரன் ஸ்பெக்டர் தலைமையில பண்ண டியஸ் எக்ஸ். லிபர்ட்டி ஐலண்ட், மொத மிஷன், பிஸ்டலை எடுத்து ஓடிக்கிட்டே ஒருத்தனை குறி பாருங்க. கிராஸ்ஹேரோட கோடுகள் அகலமா விரிஞ்சு கிடக்கும். நில்லுங்க. கோடுகள் மெதுவா நடுவுக்கு வரும். இன்னும் கொஞ்சம் அசையாம இருந்தா இன்னும் நெருங்கும். ஸ்கில் ஏத்துனா அந்த விரிப்பு சின்னதாயிடும், சீக்கிரமாவும் மூடும். ரைஃபிள் ஸ்கோப்ல பயிற்சி இல்லாதவன் பாத்தா காட்சியே ஆடும். அதாவது நம்பர் அங்கயும் இருக்கு, சீரற்ற தன்மையும் இருக்கு, ஆனா அது ஸ்கிரீன்ல தெரியுது, குண்டு அந்த விரிப்புக்குள்ள எங்கயோ போய் சுவத்துல படுது, நீங்க பொறுமையா நின்னா அதை குறைக்கலாம். நிக்கிறதுக்கு ஒரு விலையும் உண்டு, அந்த நேரத்துல எவனாவது உங்களை பாத்துடுவான். ஸ்கில் இல்லாததை திட்டத்தால ஈடு கட்டலாம், அது எவ்ளோ பெரிய விஷயம்! மொத மிஷன்லயே "சுடறது கேவலமா இருக்கு"ன்னு மூடிட்டு போனவங்களும் உண்டு, நான் ஒத்துக்கறேன், ஆரம்ப விரிப்பு கொஞ்சம் ஓவர்தான். ஆனா அவங்ககூட மவுஸை தொடைக்கல.

1999ல வந்த சிஸ்டம் ஷாக் 2 வேற வழியில போச்சு. ஷாட்கன் கையில இருக்கும், ஸ்டாண்டர்ட் வெப்பன்ஸ் ஸ்கில் 3 இல்லேன்னா சுட முடியாது, அவ்ளோதான், பேச்சே இல்ல. கொஞ்சம் முரட்டுத்தனமான பூட்டு, ஆனா நேர்மையான பூட்டு.

சரி, இதை ஏன் செலவு வைக்கிற தவறுன்னு சொல்றேன்னா, இது ஒரு வரி புரோகிராம் கோடு கிடையாது, எல்லாத்துக்குள்ளயும் வேர் விட்டுடும். கணக்கு போடுங்க. எதிரி நாலு குண்டுல விழுவான்னு வச்சிருக்கீங்க. 40 சதவீத ஹிட் சான்ஸ்ல சராசரியா பத்து குண்டு ஆகும். அதனால லெவல் முழுக்க குண்டை அள்ளி வைக்கிறீங்க. அதே ஆள் ஸ்கில் ஏறி 100 சதவீதம் ஆனதும் நாலுதான் செலவு, மிச்ச ஆறும் பைக்குள்ள, கேமோட பின்பாதியில குண்டுல குளிக்கிறான். உடனே எதிரியோட ஹெல்த்தை ஏத்துறீங்க. இப்ப ஹேக்கிங்ல பாயின்ட் போட்டவன், துப்பாக்கி ஸ்கில் தொடாதவன், அவனுக்கு ஒரு எதிரியே சுவர் மாதிரி ஆயிடுறான். அவனுக்காக கதவுக்கு கதவு ஹெல்த் கிட் வைக்கிறீங்க. அப்புறம் பயமே போச்சு. தம்பி இந்த சங்கிலியில மூணாவது கண்ணியில நின்னுக்கிட்டு "பேலன்ஸ் மட்டும் கொஞ்சம் இடிக்குதுண்ணா"ன்னு சொன்னான். அது பேலன்ஸ் இல்ல, பகடையை எடுத்தா பாதி பிரச்சினை தானா போயிடும், ஆனா எடுத்தா எல்லா லெவலையும் திரும்ப அளக்கணும். அதனால யாரும் எடுக்க மாட்டாங்க, மேல மேல பிளாஸ்திரி போடுவாங்க. எதிரி தலைக்கு மேல "மிஸ்"னு எழுத்து பறக்க விடறது அதுல ரொம்ப பிரபலம். தயவு செஞ்சு வேணாம். பொய்க்கு சப்டைட்டில் போட்டா உண்மை ஆயிடாது.

ஸ்கில் நம்பரை எங்க வேணா போடுங்க, விரிப்புல போடுங்க, ரீகாயில்ல (சுட்டதும் துப்பாக்கி உதறுறது), ரீலோட் நேரத்துல, குறி நிலைக்கிற நேரத்துல, எந்த குண்டை லோட் பண்ணலாம்ங்கறதுல போடுங்க. கிராஸ்ஹேருக்குள்ள நின்னவன் மேல குண்டு பட்டா பட்டதுதான். இதை மொத வாரத்துலயே முடிவு பண்ணிடுங்க.

கொன்னா எக்ஸ்பி

வெண்ட் (காத்துக் குழாய்) வழியா சத்தமில்லாம போனவனுக்கு பூஜ்யம், கதவை ஒடச்சு எல்லாரையும் சுட்டவனுக்கு பரிசு. அப்புறம் "ஸ்டெல்த்தை யாருமே விளையாட மாட்டேங்குறாங்க"ன்னு வருத்தம் வேற. இதைவிட மோசம், ஸ்டெல்த்ல தாண்டிப் போனவனே எக்ஸ்பிக்காக திரும்பி வந்து தூங்குறவனை எல்லாம் அடிச்சுட்டு போவான், நானே பாத்திருக்கேன். டியஸ் எக்ஸ் வேலையை முடிச்சதுக்கும், புது எடத்தை தேடி கண்டுபிடிச்சதுக்கும்தான் பாயின்ட் குடுத்துச்சு, கொலைக்கு இல்ல. சிஸ்டம் ஷாக் 2ல ஸ்கில் ஏத்த செலவு பண்ற சைபர் மாட்யூலும் அதே மாதிரிதான், குறிக்கோளை முடிச்சா கிடைக்கும், மூலை முடுக்கு தேடினா கிடைக்கும்.

நீச்சல் ஸ்கில்

லெவல்ல தண்ணி இல்லேன்னா வைக்காதீங்க. டியஸ் எக்ஸே அதுல வாங்கி கட்டிக்கிச்சு.

துப்பாக்கி தேயுறது

சிஸ்டம் ஷாக் 2ல துப்பாக்கி சுட சுட தேயும், கடைசியில ஜாம் ஆகும், ரிப்பேர் பண்ணணும். எதிரிகிட்ட இருந்து விழுற ஷாட்கன்னும் ஒடஞ்சதாத்தான் இருக்கும். யோசனை சரியானது, குண்டையும் துப்பாக்கியையும் எண்ணி எண்ணி செலவு பண்ண வைக்கிற பயம்தான் அந்த கேமோட உயிர். வேகம்தான் தப்பு, ஒரு ராணுவ துப்பாக்கி இவ்ளோ சீக்கிரமாவா பல்லிளிக்கும்னு எல்லாரும் கத்துனாங்க, பின்னாடி கேமுக்கு விட்ட அப்டேட்ல அதை குறைக்கவோ நிறுத்தவோ வழி குடுத்தாங்க. நீங்க வைக்கிறதா இருந்தா நிலைமை நம்பரை எப்பவும் கண்ணுல படுற மாதிரி வைங்க, சண்டை நடுவுல மொத தடவையா அது தெரிய வரக்கூடாது.

0451

சிஸ்டம் ஷாக்ல மொத கதவைத் திறக்குற 451ல இருந்து வந்த நம்பர் இது, உங்க மொத கதவுக்கும் போட்டுக்கோங்க, எல்லாரும் போடறாங்க. அது டிசைன் இல்ல.

ஆடியோ லாக்கை எறைக்கிறது

சிஸ்டம் ஷாக்ல உயிரோட நின்னு பேசுற ஆள் ஏன் இல்லன்னா, அண்டர்வேர்ல்ட்ல டயலாக் லிஸ்ட்ல இருந்து பதிலை தேர்ந்தெடுக்குறப்ப விளையாட்டே நின்னு போய் வேற ஏதோ ஒரு கேம் மாதிரி இருந்துச்சு. அதனால எல்லாரையும் சாகடிச்சுட்டு அவங்க பேசி வச்ச பதிவை (ஆடியோ லாக்) மட்டும் விட்டாங்க, அதை நடந்துக்கிட்டே கேக்கலாம். அதாவது லாக் ஒரு பிரச்சினைக்கு மருந்து. நம்ம ஆளுங்க மருந்தை மட்டும் எடுத்துக்கிட்டாங்க. பத்து ஆள் உயிரோட பேசுற ஊர்ல எதுக்குப்பா டேபிளுக்கு டேபிள் டேப்? அதுலயும் "என் சின்ன வயசுல"ன்னு ஆரம்பிக்கிற டேப். சிஸ்டம் ஷாக் லாக்ல கதவைத் திறக்குற நம்பர் இருக்கும், எங்க போகணும்னு இருக்கும், பேசுனவன் பொணமும் அங்கயே எங்கயாவது கிடக்கும். ரியாக்டருக்கான ரகசிய நம்பரோட எண்கள்கூட தளத்துக்கு ஒண்ணா ஸ்கிரீன்ல ஒளிஞ்சிருக்கும், யாரும் "இதை எழுதி வச்சுக்கோ"ன்னு சொல்ல மாட்டாங்க. எழுதாதவன் மறுபடி ஏறி இறங்கணும்.

இன்வென்டரி திறந்தா நேரம் நிக்குமா, ஓடுமா

டியஸ் எக்ஸ்ல நிக்கும், சிஸ்டம் ஷாக் 2ல ஓடும். எது வேணா வைங்க, பாதி மெனு நின்னு பாதி மெனு ஓடுனா மட்டும் நான் விளையாட மாட்டேன்.

எதிரியை மறுபடி முளைக்க வைக்கிறது

காலி பண்ண தளத்துல மறுபடி காலடி சத்தம் கேட்டா பயம் வரும், அது நல்ல பயம். குண்டு கம்மியா இருந்து ஆளும் விடாம முளைச்சா அது பயம் இல்ல, அலுப்பு. சிஸ்டம் ஷாக் 2ல அந்த எல்லைக்கோடு எங்கங்கறதுல ஆளுக்கு ஒரு கருத்து, எனக்கு தாண்டிடுச்சுன்னுதான் தோணும். முளைக்க வைக்கறதுன்னா கதவுக்கு அந்தப் பக்கம் முளைக்க விட்டு நடந்து வரச் சொல்லுங்க. அந்த தம்பியோட கேம்ல காவலாளி என் முதுகுக்கு பின்னாடி காத்துல இருந்து வந்து குதிச்சான், அவனுக்கு மட்டும் ஹிட் சான்ஸ் 100 சதவீதம்.