புதிய உற்பத்திப் பொருளை விரைவாகச் சந்தைக்குக் கொண்டுவருதல்: காத்திருப்பைக் குறைக்கும் முறை

களுவாஞ்சிகுடியில் நாங்கள் நடத்தும் மா ஆலையிலிருந்து எள்ளுச் சத்துமா கடைக்குப் போய்ச்சேர ஏறத்தாழ 11 மாதம் சென்றது. அதில் எவரேனும் உண்மையாகவே வேலைசெய்த நாட்களைப் பின்னர் எண்ணிப் பார்த்தபோது 19 தான் தேறியது. மிகுதிக் காலமெல்லாம் மாவை அடைக்கும் அச்சிட்ட பைகளுக்காகவும், ஆய்வுகூட அறிக்கைக்காகவும், ஆலையை நடத்தும் என் மாமாவின் ஒப்புதலுக்காகவும் காத்திருந்ததிலேயே கழிந்திருந்தது.

ஆகவே முதற்படியாக, அண்மையில் முடித்த ஒரு பொருளின் வரலாற்றைக் கொப்பியில் எழுதுங்கள். "ஜூலை 4, சுட்டுத்துண்டு வாசகம் அச்சகத்துக்கு, 1 மணி நேரம். ஜூலை 27, திருத்தப்படி வந்தது" என்று எழுதினால், இடையிலுள்ள 23 நாள் தானாகவே கண்ணில் படும்.

இரண்டாம் படியில்தான் நான் இடறினேன். ஒரே வேளையில் நடந்துகொண்டிருக்கும் புதிய பொருட்களை எண்ணுங்கள். எங்களிடம் குரக்கன் மா, ஒடியல் மா, இடியப்ப மா என்று ஆறு இருந்தன. இரண்டு மாதத்துக்கு ஒன்று முடிந்தது. அமெரிக்க ஆய்வாளர் ஜோன் லிட்டில் 1961 ஆம் ஆண்டில் நிறுவிய விதிப்படி, கையிலிருக்கும் எண்ணிக்கையை முடியும் வேகத்தால் வகுத்தால் சராசரிக் காலம் கிடைக்கும்: ஆறை மாதத்துக்கு அரை என்ற வேகத்தால் வகுக்க 12 மாதம். முடியும் வேகம் குறையாமல் எண்ணிக்கையை இரண்டாக்கினால் 4 மாதம். கணக்கு எளிது, மாமாவை இணங்கவைப்பதுதான் கடினமாயிருந்தது. நான்கு பொருட்களை நிறுத்திவைப்பது நட்டம் என்று அவர் கருதினார். கைவிடவில்லை, வரிசையில் நிறுத்துகிறோம் என்று சொல்லி, ஒன்று முடிந்தால்தான் அடுத்தது உள்ளே வரும் என்று எழுதி ஒட்டிய பிறகே ஒப்புக்கொண்டார். பொருட்களைக் குறைத்தால் ஆட்கள் சும்மா இருப்பார்களே என்ற அச்சம் எனக்கும் இருந்தது. சும்மா இருந்தவர்கள் தேங்கிக்கிடந்த வேலைக்குக் கைகொடுத்தார்கள்.

இந்த வரிசையைக் கவனித்துவர மென்பொருள் எதுவும் வாங்கவேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தேநீர் ஊற்றும் இடத்துக்கு அருகில் ஒரு வெண்பலகையும் ஒட்டுத்தாள்களும் போதும். வட்ஸ்அப் குழுவில் ஒப்புதல் கேட்பதை அறவே விட்டுவிடுங்கள். காலை வணக்கப் படங்களுக்கிடையில் அது புதைந்துவிடும். நாங்கள் செவ்வாய் தோறும் இருபது நிமிடம் பலகை முன் நின்று முடிவெடுக்கிறோம்.

மூன்றாம் படி, எதில் ஐயம் மிகுதியோ அதை முதலில் சோதிப்பது. சத்துமாவுக்கு ஆறு மாதக் காலாவதி என்று நம்பி 3,000 பைகளை அச்சிட்டுவிட்டோம். பத்தாம் வாரம் ஒரு பொதியைப் பிரித்தபோது காறல் மணம் வந்தது. எள்ளின் எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனுடன் சேர்ந்து கெடுகிறது. வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் கூடினால் இத்தகைய மாற்றங்களின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொதுவான மதிப்பீடு. இப்போது முதல் வாரத்திலேயே சில பொதிகளைக் கடை அலுமாரியிலும், சிலவற்றைத் தகரக் கூரைக் கொட்டிலிலும் வைத்து, கிழமைக்கொன்றாகப் பிரித்து முகர்ந்து பார்க்கிறோம். இது ஆய்வுகூடச் சோதனைக்கு ஈடாகாது. ஆனால் பை அச்சிடுவதற்கு முன் எச்சரிக்கை தரும்.

பிற்சேர்க்கை: சம்மாந்துறையில் அரிசி ஆலை நடத்தும் வாசகர் ஒருவர், பெரும்போக அறுவடைக் காலத்தில் இந்தக் கணக்குப் பொருந்தவில்லை என்று எழுதியிருந்தார். அவர் சொல்வது சரி. நெல் வந்து குவியும் வாரங்களில் புதிய பொருளைத் தொட ஆளிருக்காது; முடியும் வேகம் பூச்சியத்துக்கு இறங்கிவிடும். அந்த வாரங்களை நீக்கிவிட்டுச் சராசரியைக் கணியுங்கள்; கொட்டில் சோதனைக்கான பொதிகளை மட்டும் அறுவடைக்கு முன்பே கட்டி வைத்துவிடுங்கள், அவற்றை முகர்ந்து பார்க்க ஒருவர் போதும்.