மலையே இல்லாத யாழ்ப்பாணத்தில நிலம் எப்பிடி மாறுதெண்டு நேரில பாக்கிறது எப்பிடி

என்ரை மருமகன் ஓஎல் சோதினை எடுக்கப் போறான், புவியியல் புத்தகத்தைத் திறந்து வைச்சுக்கொண்டு பனியாறு, எரிமலை, நீர்வீழ்ச்சி எண்டு பாடமாக்கிப்போட்டு கடைசியா கேக்கிறான், "மாமா, இதில ஒண்டு கூட எங்கட ஊரில இல்லையே, பேந்தென்னத்துக்கு இதைப் படிக்கிறது?" எண்டு. ஞாயமான கேள்விதான். குடாநாட்டில கனக்க இடம் கடல்மட்டத்திலயிருந்து 10 மீட்டர் கூட உயரமில்லை, வருசம் முழுக்க ஓடுற ஆறு ஒண்டும் இல்லை, இருக்கிற வழுக்கையாறும் மாரியில மட்டும்தான் ஓடும். ஆனா இங்க வேலை நடக்கிறது காலுக்குக் கீழ, அதால நிமிந்து பாக்காம குனிஞ்சு பாக்கவேணும். ஒரு நாள் லீவு, ஒரு மோட்டசைக்கிள், ரெண்டு தேசிக்காய், ஒரு ஆணி, பழைய பேப்பர் ஒண்டு, இவ்வளவும் காணும்.

முதல்ல வீட்டுக் கிணத்தையே எட்டிப் பாருங்கோ (கட்டில ஏறாதேங்கோ, சின்னப் பிள்ளையளை விடவே விடாதேங்கோ). கட்டாத பழைய தோட்டக்கிணறு எண்டால் இன்னும் நல்லம். உரும்பிராய், கோப்பாய் பக்கமெண்டால் மேல செம்பாட்டு மண், கீழ வெள்ளையும் மஞ்சளுமாக் கல்லு, அந்தக் கல்லில ஓட்டை ஓட்டையா இருக்கும். மண் சிவப்பா இருக்கிறதுக்குக் காரணம் அதில இருக்கிற இரும்புதான், துருப்பிடிச்ச தகரத்தின்ரை அதே நிறம். கல்லு சுண்ணாம்புக்கல், 2.3 கோடி வருசத்துக்கும் 53 லட்சம் வருசத்துக்கும் இடைப்பட்ட மயோசீன் காலத்தில, இந்த இடம் ஆழமில்லாக் கடலா இருக்கேக்க சிப்பியும் முருகையும் படிஞ்சு இறுகினது. அதாவது நாங்கள் பழைய கடலடியிலதான் தோட்டம் செய்யிறம்.

இப்ப தேசிக்காயை எடுங்கோ. கிணத்தடியில கிடக்கிற கல்லொண்டை ஆணியால நல்லாச் சுரண்டி, அந்தத் தூளில ரெண்டு மூண்டு சொட்டுத் தேசிக்காய்ப்புளி விட்டிட்டுக் கிட்டப் பிடிச்சுப் பாருங்கோ, சின்னச் சின்னக் குமிழி வரும், காதுக்குக் கிட்ட வைச்சால் சர்ரெண்டு சத்தமும் கேக்கும். வினாகிரி விட்டும் பாக்கலாம். மழைத்தண்ணி செய்யிறதும் இதே வேலைதான், ஆனா மெத்தப் பொறுமையா. காத்திலயும், வேர் கிடக்கிற மண்ணிலயும் இருக்கிற காபனீரொட்சைட்டு மழைத்தண்ணியில கரைஞ்சு லேசான புளிப்பா மாறும், அது வெடிப்புக்குள்ள இறங்கிக் கல்லைக் கரைக்கும், வெடிப்பு பொந்தாகும், பொந்து குகையாகும், ஒரு நாள் மேல்கூரை தாங்கமாட்டாமல் உள்ள விழும்.

அப்பிடி விழுந்த இடத்தைப் பாக்கத்தான் புத்தூருக்குப் போறது, அங்க இருக்கிற நிலாவரைக் கிணத்தடிக்கு. ஆரும் வெட்டின கிணறில்லை அது. அடியே இல்லையெண்டு சொல்லுவினம், இராமர் அம்பு விட்டது எண்டுவினம், இதில தேசிக்காய் போட்டால் கடற்கரையில இருக்கிற கீரிமலைக் கேணியில மிதக்குமெண்டும் கதை இருக்கு. எங்கட தேசிக்காயை நாங்கள் போடேல்லை, ஆனா அந்தக் கதையில ஒரு விசயம் இருக்குது பாருங்கோ, நிலத்துக்குக் கீழ தண்ணி ஓடுற வழி இருக்கெண்டு எங்கட சனம் புத்தகம் வரமுன்னமே விளங்கி வைச்சிருக்கு. நிலாவரையில மேல நல்லதண்ணி, ஆழத்தில உப்புத்தண்ணி. நல்லதண்ணி பாரம் குறைவெண்டதால கடல்தண்ணிக்கு மேல மிதக்குது, கடல்மட்டத்துக்கு மேல 1 மீட்டர் நிண்டால் கீழ கிட்டத்தட்ட 40 மீட்டர் ஆழத்துக்கு இருக்குமெண்டு ஒரு கணக்கு. அப்ப நாங்கள் மோட்டர் போட்டு அந்த 1 மீட்டரை இறைச்சுத் தள்ளினால் கீழ இருந்து உப்பு எவ்வளவு ஏறுமெண்டு நீங்களே யோசிச்சுப் பாருங்கோ, ஒவ்வொரு கிணறா சவர்ப் பிடிக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

பிறகு கீரிமலை. ஆடி அமாவாசையண்டு மட்டும் போகாதேங்கோ, சனத்துக்குள்ள ஒண்டையும் பாக்கேலாது. கேணிக்கு அங்கால கடல் அடிக்குது, ஆனா கேணித்தண்ணி கடல்தண்ணி மாதிரி உப்பில்லை, ஏனெண்டால் உள்நாட்டில விழுந்த மழை கல்லுக்குள்ளால வந்து இங்க வெளிய வருது. குளிச்சிட்டுக் கரையோரக் கல்லையும் பாருங்கோ, அலை பட்ட இடமெல்லாம் அரிச்சுக் கூர்கூரா நிக்கும், வெறுங்காலோட ஏறினால் காலைக் கிழிக்கும்.

கடைசியா மணற்காடு, கரையோர மணல்திட்டியள் இருக்கிற இடம். வெயில் ஏறினால் மணலில கால் வைக்கேலாது, அதால மூண்டரைக்குப் பிறகு போங்கோ, இல்லாட்டி இதை மட்டும் வேறொரு நாள் விடியவெள்ளணப் போய்ப் பாருங்கோ. இங்க வேலைகாரன் காத்து. கடல் கொண்டுவந்து போட்ட மணல் காய்ஞ்ச உடன காத்து உள்ளுக்குத் தூக்கிக்கொண்டு போகுது, பழைய அந்தோனியார் கோயிலையே மணல் மூடினதெண்டால் பாருங்கோவன். திட்டியை ஒருக்காச் சுத்தி நடவுங்கோ, காத்து வாற பக்கம் சரிவு மெதுவா ஏறும், மற்றப் பக்கம் சரிவு கூடி இறங்கும். பேப்பரை விரிச்சு காய்ஞ்ச மணலை மேலயிருந்து மெல்ல ஊத்தினால் குவியல் ஒரு அளவுக்கு மேல செங்குத்தாகாது, சரிஞ்சு விழும், அந்தச் சரிவு 30 பாகையைக் கொஞ்சம் தாண்டி நிக்கும். திட்டியின்ரை மற்றப் பக்கமும் அதே சரிவுதான். மணலிலயும் தேசிக்காய்ப்புளி விட்டுப் பாருங்கோ, பொங்கினது சிப்பித்தூள், பொங்காதது பெரும்பாலும் குவாட்ஸ் எண்ட கடினமான கனியம். குவாட்ஸ் எங்கட சுண்ணாம்புக்கல்லில இருந்து வந்திருக்காது, அது வேற இடத்துப் பாறை உடைஞ்சு கடலோட வந்த மணல்.

மணலில படர்ந்து கிடக்கிற அடம்பன் கொடியையும் இராவணன் மீசைப் புல்லையும் பிடுங்காதேங்கோ. அதுகள்தான் மணலைக் கட்டிப் பிடிச்சு வைச்சிருக்கு, அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு எண்டது சும்மா சொன்னதில்லை. காத்து நூறு வருசமாச் சேர்த்ததை மணல் ஏத்துற டிப்பர் ரெண்டு நாளில ஏத்திக்கொண்டு போகுது, அதைப் பற்றிக் கதைக்க வெளிக்கிட்டால் இந்தப் பதிவு முடியாது.

போகேக்க ரெண்டடிக் குச்சியில அங்குலக் கோடு கீறிக்கொண்டு போய் திட்டியடியில நட்டிட்டு வாங்கோ, ஒரு மாசம் விட்டுப் போய் எத்தினை கோடு மூடியிருக்கெண்டு எண்ணலாம். மருமகன் நட்ட முதல் குச்சியை ஆரோ பிடுங்கிக்கொண்டு போட்டினம். ரெண்டாவதைச் சவுக்குமரம் ஒண்டுக்குப் பின்னால ஒளிச்சு நட்டான், அதில நாலு கோடு மூடியிருந்தது, ஆனா மரம் காத்தை மறிச்ச இடம் எண்டதால அது சரியான கணக்கில்லையாம், திரும்ப நடவேணுமாம்.