காய்ச்சல் காலத்தில் கணக்குக் கேட்பது எப்படி?

மழை பிடித்துவிட்டால் கன்னியாகுமரி மாவட்டத்தில் குழித்துறையிலும் மார்த்தாண்டத்திலும் டெங்குப் பேச்சு கிளம்பிவிடும். தனியார் லேபில் ஒரு எண், சுகாதாரத் துறையில் வேறொரு எண். அரசின் கணக்கைத் தகவல் பெறும் உரிமைச் சட்டப்படி மனுப் போட்டுக் கேட்க நினைக்கும் செய்தியாளருக்கு இந்தக் குறிப்பு. சில நிமிடங்களில் முடிவு சொல்லும் ரேபிட் கார்டில் பாசிட்டிவ் காட்டினால் அரசுக் கணக்கில் அது உறுதியான டெங்கு ஆகாது. எலிசா என்னும் லேப் ரத்தப் பரிசோதனையில் என்எஸ்1 (டெங்கு வைரஸின் புரதம்) அல்லது ஐஜிஎம் (அதற்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்) பாசிட்டிவ் வர வேண்டும். அதனால் "டெங்கு எத்தனை பேருக்கு?" என்று மட்டும் கேட்டால் சின்ன எண்தான் கிடைக்கும், அது பொய்யாகவும் இராது.

நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் மூன்று படிவங்கள் உண்டு. களப்பணியாளர் அறிகுறியை வைத்துப் பதிவது எஸ், டாக்டர் சந்தேகிப்பது பி, லேப் உறுதி செய்வது எல். இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை, ஆரம்ப சுகாதார நிலையம் வாரியாக இம்மூன்றின் எண்ணிக்கையையும், எலிசாவுக்குப் போன மாதிரிகளின் எண்ணிக்கையையும் கேளுங்கள். "ஏன் மறைக்கிறீர்கள்?" என்று எழுதினால் மனு நிராகரிக்கப்படலாம், சட்டம் ஆவணத்தைத் தரச் சொல்கிறதே தவிர விளக்கத்தை அல்ல. நோயாளியின் பெயர், முகவரி வேண்டாம். அது அவருடைய அந்தரங்கம், மறுக்கவும் வழி கொடுக்கும்.

மனுவைத் தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)இன் கீழ், பத்திரிகையின் பெயரில் அல்லாமல் குடிமகனாக உங்கள் பெயரில் எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. நாகர்கோவில் மாவட்டச் சுகாதார அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பலாம். படுக்கை, இறப்பு விவரம் என்றால் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கு, கொசு மருந்து அடித்த விவரம் என்றால் மாநகராட்சிக்கோ பேரூராட்சிக்கோ. இடம் மாறிப் போனாலும் 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்ற வேண்டியது அவர்கள் கடமை.

பதிலுக்கு 30 நாள். அதற்குள் காய்ச்சலே வடிந்துவிடும் என்பதால் முதல் வாரத்திலேயே மனு போட்டுவிடுங்கள். ஒருவருடைய உயிர் சம்பந்தப்பட்ட தகவலுக்கு மட்டும் 48 மணி நேரம். பொதுக் கணக்குக்கு அதைக் காட்டினால் எடுபடாது. 48 மணி நேரத்தில் கேட்பதானால் யார் உயிர், என்ன ஆபத்து, இந்தத் தகவல் எப்படி உதவும் என்று எழுதுங்கள். தபாலை நம்பாமல் நேரில் கொடுத்து, நேரம் குறித்த சீல் வாங்குங்கள்.

பதில் வராவிட்டால் கெடு முடிந்து 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாளுக்குள் சென்னையிலுள்ள மாநிலத் தகவல் ஆணையம். கெடு தாண்டித் தரும் நகலுக்குக் கட்டணம் கிடையாது. காரணமில்லாத தாமதத்துக்கு ஆணையம் நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

செய்தியில் ஒவ்வொரு எண்ணின் பக்கத்திலும் அது எந்தப் படிவத்தின் எண், எந்தத் தேதி வரைக்குமானது என்று போடுங்கள்.