குழந்தைக்கு டான்சில் ஆபரேஷனா? முதல் தடவை போகும் பெற்றோருக்கு

டான்சில், அடினாய்டு (மூக்குக்குப் பின்னால் இருக்கும் சதை) எடுப்பது சின்ன ஆபரேஷன்தான். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் தியேட்டரை விட்டு வெளியே வந்துவிடுவார்கள். நமக்கு வேலையே அதற்கப்புறம்தான். வீட்டில் சுமார் 10 நாள்.

1. குழந்தையிடம் சொல்வது

நாலைந்து வயதுக் குழந்தைக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் சொன்னால் போதும். ரொம்ப முன்னாடியே சொன்னால் பயம்தான் வளரும். "ஊசியே போட மாட்டாங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஊசியைப் பார்த்த பிறகு நீங்கள் கொடுக்கும் சிரப்பைக்கூட நம்பாது. "மருந்து கொடுத்து தூங்க வைப்பாங்க, அப்போ ஒண்ணும் தெரியாது. எழுந்ததும் தொண்டை வலிக்கும், அதுக்கும் மருந்து இருக்கு. அம்மா இங்கேயேதான் இருப்பேன்." இவ்வளவு போதும். "சாப்பிடலைன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லுவேன்" என்று மிரட்டும் பழக்கத்தை தாத்தா பாட்டி உட்பட எல்லோரும் நிறுத்த வேண்டும்.

2. மயக்க மருந்து டாக்டரிடம்

சளி, காய்ச்சல், ஆடும் பல், மருந்து ஒவ்வாமை, குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் உறையாத பிரச்சினை என எல்லாவற்றையும் சொல்லுங்கள். லீவு போட்டாச்சே என்று சளியை மறைக்க வேண்டாம், தேதியைத் தள்ளிப்போடுவது எவ்வளவோ மேல்.

3. வெறும் வயிறு

சாப்பாடும் மாட்டுப்பாலும் 6 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். தாய்ப்பால் 4 மணி நேரம், வெறும் தண்ணீர் பொதுவாக 2 மணி நேரம். உங்கள் ஆஸ்பத்திரி வேறு நேரம் சொன்னால் அதுதான் கணக்கு. மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடக்கூடும், அதற்காகத்தான் இவ்வளவு கண்டிப்பு. "பாவம், ஒரு வாய் பால்" என்று யாராவது டம்ளரோடு வருவார்கள். கவனம்.

4. கண் விழிக்கும்போது

சில குழந்தைகள் கத்தி, உதைத்து, அம்மாவையே அடையாளம் தெரியாததுபோல் அழும். மயக்கம் தெளிவதில் அது சகஜம். பெரும்பாலும் அரை மணி நேரத்தில் அடங்கிவிடும், குழந்தைக்கு அது நினைவிலும் இருக்காது. பழுப்பு நிறத்தில் ஓரிரு தடவை வாந்தி வந்தால், விழுங்கிய பழைய ரத்தம். சிவப்பாக வந்தால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

5. வீட்டில்

முதல் இரண்டு நாள் சமர்த்தாக இருக்கும் குழந்தை மூன்றாம் நாளிலிருந்து முரண்டு பிடிக்கும். வலி அப்போதுதான் கூடும். "காது வலிக்குது" என்று அழும். தொண்டைக்கும் காதுக்கும் நரம்புத் தொடர்பு இருப்பதால் வருவது அது. வாய் நாறும். டார்ச் அடித்துப் பார்த்தால் டான்சில் இருந்த இடத்தில் வெள்ளையாகப் படிந்திருக்கும். சீழ் இல்லை, புண் ஆறும்போது வரும் படலம். சுரண்டக் கூடாது.

வலி வந்த பிறகு மருந்தைத் தேடாதீர்கள். டாக்டர் எழுதிய நேரத்துக்குக் கொடுங்கள், ராத்திரிக்கு அலாரம் வைத்தாவது. பாராசிட்டமால் சிரப் 5 மில்லியில் 120 மில்லிகிராம் என்றும் வருகிறது, 250 என்றும் வருகிறது. மெடிக்கலில் வேறு பாட்டில் கொடுத்தால் அளவு இரட்டிப்பாகிவிடும். லேபிளைப் பாருங்கள், மூடியில் ஊற்றாமல் சிரிஞ்சில் அளந்து கொடுங்கள். ஆஸ்பிரின், கோடீன் என்ற வலி மருந்துகள் இரண்டும் குழந்தைகளுக்கு ஆகாது.

மருந்து கொடுத்து அரை மணி கழித்துச் சாப்பாடு. குழைந்த தயிர்சாதம், ஆறிய இட்லி, கேழ்வரகுக் கூழ், இளநீர். ஐஸ்கிரீமும் கொடுக்கலாம். "தொண்டையில ஆபரேஷன், ஐஸ்கிரீமா?" என்று வீட்டில் ஒரு பஞ்சாயத்து நடக்கும், டாக்டர் வாயாலேயே முன்கூட்டிச் சொல்ல வைத்துவிடுங்கள். சிவப்பு ஜூஸ் மட்டும் வேண்டாம். துப்பினால் ரத்தமா, ஜூஸா என்று குழம்புவீர்கள். புளிப்பு, காரம், முறுக்கு கொஞ்ச நாள் ஒதுங்கட்டும். சாப்பாடு குறைந்தால் பரவாயில்லை, தண்ணீர் குறையக் கூடாது. தொண்டை காய்ந்தால் வலி இன்னும் கூடும். சிறுநீர் குறைந்தால் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

6. ரத்தம்

5 முதல் 10 நாளுக்குள் அந்தப் படலம் உதிரும்போது ரத்தம் கசியலாம். தூக்கத்தில் அடிக்கடி எச்சில் விழுங்குவதுபோல் தொண்டை அசைந்தால் எழுப்பி, வாயைத் திறந்து பாருங்கள். சிவப்பாகத் தெரிந்தால் நின்றுவிடும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். போகும் வழியில் குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, வரும் ரத்தத்தைத் துப்பச் சொல்லுங்கள். சாப்பிட எதுவும் கொடுக்காதீர்கள், மறுபடி மயக்க மருந்து தேவைப்படலாம். இந்த 10 நாளில் வெளியூர்ப் பயணம் வேண்டாம்.